ஆப்பசோடா போட்டு வண்டியோட பிளாஸ்டிக் பேனல் ஒட்டுறவங்க கவனத்துக்கு

அடிவாரம் டிங்கர்: நேத்து ஒருத்தர் இங்க பாடம் எடுத்திருந்தார். "விரிசல்ல ஆப்பசோடாவைத் தூவி ஃபெவிக்விக்கை ஊத்துங்க, பேனல் கல்லு மாதிரி ஆயிடும்." அதுக்குக் கும்பிடு போட ஒரு வரிசை வேற. கல்லு மாதிரி ஆகுறதுதாங்க கோளாறே. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசியும் ஏறி இறங்குற வண்டியில பேனல் நெளிஞ்சு குடுக்கணும். சோடா போட்ட இடம் நெளியாது. ஒட்டு அப்படியே இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே அடுத்த விரிசல் கிளம்பும்.

குகைக்காரன்: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். சோடா காரம். ஃபெவிக்விக் பட்ட நொடியே இறுகும், சந்தும் அடையும். உடைஞ்ச பிளாஸ்டிக்கை அசிட்டோன்ல கரைச்சுப் பூசுற உங்க கூழுக்கு ரெண்டு நாள் காவல் இருக்கணும்.

கன்னங்குறிச்சி ஸ்கூட்டி: எனக்கு விரிஞ்சது மட்கார்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா பிபி பிளாஸ்டிக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

அஞ்சுரோடு 150: மேடம், ஏபிஎஸ் பிரேக்குல வரும். மட்கார்டு ஃபைபர்.

அடிவாரம் டிங்கர்: ஃபைபராம்! சரி, சோடாவுக்கு வர்றேன். ஏபிஎஸ்ஸை அசிட்டோன் கரைக்கும். காய்ஞ்சா ஒட்டு தனி, பேனல் தனின்னு இல்ல, ஒரே பிளாஸ்டிக். உடைஞ்ச ஏபிஎஸ் துண்டு 10 கிராம், சுத்தமான அசிட்டோன் 20 மில்லி, கண்ணாடி பாட்டில்ல மூடி ராத்திரி முழுக்க ஊறட்டும். அடுப்பு, பீடி பக்கத்துல ஆகாது. விரிசல் முடியுற நுனியில 2 மி.மீ. ஓட்டை போடணும், இல்லேன்னா எதை வச்சு ஒட்டினாலும் மேல ஓடும். வெளிப்பக்கம் டேப். உள்பக்கம் பாதி கனத்துக்கு வி மாதிரி கீறி, 80 நம்பர் உப்புத்தாள் தேய்ச்சு, கூழை மெல்லிசா மூணு தடவை. மொத்தமா அப்பினா மேல்தோல் காய்ஞ்சு உள்ள அசிட்டோன் மாட்டிக்கும், பெயின்ட் அடிச்ச அப்புறம் குழி விழும். இதுல சோடா எங்கங்க வருது?

குகைக்காரன்: நெயில்பாலிஷ் ரிமூவர்ல கரைச்ச கூழு திரிஞ்ச மோர் மாதிரி நின்னதை எல்லாம் பார்த்தாச்சு.

அடிவாரம் டிங்கர்: அதுல தண்ணி கலந்திருக்கும். "சுத்தமான"னு எழுதினதைப் படிக்கலையா? படிக்கிற ஆளா இருந்தா செயினுக்கு எண்ணெய் போடுறது பத்தி இங்க ஓடின செயின் லூப் இழையிலயே படிச்சிருப்பீங்க.

குகைக்காரன்: செயின் லூப்பை இழுக்காதீங்க. அதுல யாரு பாதியில ஓடினதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாப்பேட்டை பெயின்டர்: மலை மேல பனி இறங்குற நேரத்துல கூழ் தடவாதீங்க. அசிட்டோன் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும், ஈரம் படிஞ்சு வெள்ளை பூக்கும். ஃபெவிக்விக்கைச் சுத்தியும் வெள்ளை பூக்கும், அதனால ரெண்டு பேரும் குதிக்க வேண்டாம். ஸ்க்ரூ காது உடைஞ்சிருந்தா அரால்டைட். ரெண்டு டியூபும் சம அளவு, நடுவுல ஃபைபர் வலைத்துணி, 24 மணி நேரம் தொடக்கூடாது.

அஞ்சுரோடு 150: அப்போ ஃபைபர்தானே?

கன்னங்குறிச்சி ஸ்கூட்டி: எந்த பிளாஸ்டிக்னு உள்பக்கம் அச்சு எதுவும் தெரியல.

செவ்வாப்பேட்டை பெயின்டர்: பெயின்ட் ஒட்டாத சீவல் ஒண்ணைத் தண்ணியில அமுக்கி விடுங்கம்மா. ஏபிஎஸ் முங்கும். பிபி மிதக்கும், மிதந்தா பசையை மறந்துட்டு பிபி குச்சி வச்சு வெல்டிங் பண்ணணும்.

குகைக்காரன்: அரால்டைட்டும் காய்ஞ்சா இறுகத்தானே செய்யுது? அதுக்கு வராத கோவம் சோடாவுக்கு மட்டும் ஏன்?

அடிவாரம் டிங்கர்: அது வலையோட சேர்ந்து கனமா நிக்கும். ஃபெவிக்விக் நேரா இழுத்தா தாங்கும். உரிச்சாலோ தட்டினாலோ விட்டுடும். சோடா சேர்த்தா இன்னும் மொடமொடன்னு தட்டுவடை. கேபிள் டையை உருக்கி ஊத்துற கோஷ்டிக்கும் சொல்லிடுறேன், அது நைலான், ஏபிஎஸ்ஸோட கலக்காது.

அஞ்சுரோடு 150: உருக்குவானேன்? ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டுத் தையல் மாதிரி கட்டினா போச்சு.

கன்னங்குறிச்சி ஸ்கூட்டி: மிதக்குது.

குகைக்காரன்: பார்த்தீங்களா! பிபியை அசிட்டோன் அசைக்கக்கூட அசைக்காது. கூழை ஊத்தி மூடுங்க.

அடிவாரம் டிங்கர்: உங்க சோடா மட்டும் பிபியில ஒட்டிடுமோ? முதல்ல ஏபிஎஸ்ல ஒரு மழைக்காலம் நின்னதைக் காட்டுங்க.

குகைக்காரன்: செயின் லூப் இழைக்கு வாங்க, அங்க காட்டுறேன்.