மூச்சு வால்வா, காப்பு வால்வா?

அன்பின் நண்பர்களே,

சேமிப்புத் தாங்கிகளுக்கான சொற்பட்டியலில், அமுக்கத்தோடு தொடர்புள்ள வால்வுகள் எல்லாவற்றுக்கும் ‘காப்பு வால்வு’ என்ற ஒரே சொல் போதும் என்று சென்னை நண்பர் எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கொழும்பில் எரிபொருள் சேமிப்புப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வேலை செய்யும் முறையே வேறான இரண்டு வால்வுகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன.

தமிழக நண்பர்களுக்கு: அமுக்கம் என்றால் உங்கள் அழுத்தம். எங்கள் பாடநூல்களில் அழுத்தம் மின்னியலுக்குப் போய்விட்டது. தாங்கி என்றால் தொட்டி, பேரிங் அல்ல. இந்தப் பழைய வழக்கை இன்று திறக்க வேண்டாம்.

சமையல் எரிவாயு உருளையில் அமுக்கத்தை உண்டாக்குவது உள்ளிருக்கும் திரவத்தின் ஆவி. அந்தத் திரவம் புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. 30 பாகை செல்சியசில், வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்து, புரோப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 1,080 கிலோபஸ்கால். பியூட்டேனுக்கு 280 அளவில்தான். ஒரு சொட்டுத் திரவம் மிஞ்சியிருக்கும் வரை இது உருளையில் உள்ள அளவைப் பொறுத்ததல்ல, வெப்பநிலையையும் கலவையையும் பொறுத்தது. 2021 இறுதியில் எரிவாயு விபத்துகள் நடந்தபோது, புரோப்பேன் விகிதம் என்ன என்று இலங்கையில் வீட்டுக்கு வீடு பேசியதன் காரணம் இதுதான். வைத்தியசாலை ஒட்சிசன் உருளை வேறு சாதி. அதில் திரவம் கிடையாது, நெருக்கிய வாயு மட்டுமே. பாதி செலவானால் மானியும் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கிவிடும். எப்படியானாலும் இரண்டிலும் அஞ்ச வேண்டியது உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை. மிஞ்சியதை வெளியே விட்டு மூடிக்கொள்ளும் வால்வுக்குக் காப்பு வால்வு என்ற பெயர் பொருந்தும்.

கொழும்புக்கு அருகே கொலன்னாவை எரிபொருள் களஞ்சியத்தில் நிற்பவை போன்ற பெரிய உருக்குத் தாங்கிகளில் நிலைமை தலைகீழ். 10 மீற்றர் உயரத்துக்கு நீர் நிரப்பிச் சோதித்தால் அடித்தகட்டில் 98 கிலோபஸ்கால் அமுக்கம் ஏறும்; சுவர் அதைத் தாங்கும். அதே தாங்கியின் கூரையோ ஓரிரு கிலோபஸ்கால் வேறுபாட்டுக்கே தடுமாறும். அதுவும் உள்ளே அமுக்கம் கூடுவதைவிடக் குறைவதுதான் பெரிய சிக்கல். கணக்கைப் பாருங்கள்: 20 மீற்றர் விட்டமுள்ள கூரையின் பரப்பு 314 சதுர மீற்றர். உள்ளே வெறும் ஒரு கிலோபஸ்கால் குறைந்தால், வெளிக்காற்று அந்தக் கூரைமேல் 32 தொன் சுமையை ஏற்றிவிடும். பவுசர்களுக்கு, அதாவது எரிபொருள் லொறிகளுக்கு, எரிபொருளை இறைக்கும்போது, போகிற திரவத்தின் இடத்துக்குக் காற்று வந்தே ஆகவேண்டும். வழி அடைபட்டிருந்தால், கடைசிவரை உறிஞ்சிய பால் பக்கற்றைப் போலத் தாங்கி உள்ளே ஒடுங்கிவிடும்.

அந்த வழிதான் நான் சொல்லும் இரண்டாவது வால்வு. நிரப்பும்போது ஆவியை வெளியே விடும், இறைக்கும்போது காற்றை உள்ளே எடுக்கும். இதற்கு ‘மூச்சு வால்வு’ என்று முன்மொழிகிறேன்.

— கொழும்பிலிருந்து

வணக்கம் ஐயா. விளக்கம் தெளிவு. ஆனால் ‘மூச்சு’ கவிதை போல் ஒலிக்கிறது. மூச்சு தானாக நடப்பது. இதுவோ இறைக்கும்போதும் நிரப்பும்போதும் மட்டும் திறப்பது. ‘இருவழி வால்வு’ என்றால் போதாதா?

— சென்னையிலிருந்து

அன்பின் நண்பருக்கு,

போதாது. குழாய்ப் பாதையில் இரு திசையும் விடும் சாதாரண வால்வுகளையும் அப்படித்தான் அழைப்பார்கள். தவிர, யாரும் தொடாமலே இது இயங்குகிறது. பகலில் வெயில் ஏற ஆவி விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கக் காற்று உள்ளே வரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் நடப்பது இன்னும் கடுமை. உச்சி வெயிலில் காய்ந்த தகட்டின் மேல் பின்னேர இடிமழை திடீரென்று கொட்டும். சில நிமிடங்களில் உள்ளிருக்கும் ஆவி சுருங்கும். தாங்கி காற்றுக்குத் தவிக்கும் நேரம் அது. வால்வின் அளவைத் தீர்மானிக்கும்போது பொறியியலாளர்கள் இந்த மழைக் குளிர்ச்சியையும் கணக்கில் எடுக்கிறார்கள். மூச்சு என்ற சொல்லில் கவிதை இருந்தால் இருக்கட்டும். வேலையைச் சரியாகச் சொல்கிறது.

பெற்றோல் போல எளிதில் ஆவியாகும் எரிபொருளுக்கு, திரவத்தின் மேலேயே ஏறி இறங்கும் கூரையைப் போடுவார்கள். ஆவிக்கு இடமே இல்லாததால் அங்கே மூச்சும் குறைவு. அதற்கு ‘மிதக்கும் கூரை’ என்று முன்பே ஒத்துக்கொண்டுவிட்டோம்.

எனக்குச் சிக்குவது வேறொன்று. உள்ளே வெளியைவிட அமுக்கம் சற்றுக் குறைந்த நிலையை என்னவென்று சொல்வது? பட்டியலில் ‘வெற்றிடம்’ என்றிருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு குறைந்ததை வெற்றிடம் என்பது மிகை. படிக்கும் தொழிலாளி, தாங்கி முழுக்கக் காலியானால்தான் ஆபத்து என்று நினைத்துவிடுவார். ‘தாழமுக்கம்’ நல்ல சொல், ஆனால் அதை எங்கள் வானிலைச் செய்தி எடுத்துக்கொண்டுவிட்டது. கையேட்டில் போட்டால் வங்காள விரிகுடாவில் புயல் தேடுவார்கள். இப்போதைக்குக் ‘குறையமுக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தமிழகத்தில் ‘குறையழுத்தம்’ என்றால் காதுக்கு ஒத்துவருமா?

— கொழும்பிலிருந்து