ரேஞ்ச் இல்லாத ரப்பர் விளையில் தமிழ் வாய்ஸ் டைப்பிங்: வழி சொல்லுங்கள்

விளைக்காரர் மகள்:
கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது, அப்பாதான் பால் வெட்டுகிறார். எந்த வரிசை வெட்டினது, எத்தனை ரப்பர் ஷீட் அடித்தது, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) எவ்வளவு, கூட வந்த ஆளுக்கு எவ்வளவு கொடுத்தது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது கண் சரியில்லை என்று போனில் பேசிப் பதிகிறார். கையெல்லாம் பாலாக இருக்கும்போது எழுத முடியாது, அதனால் பேசுவதுதான் அவருக்கு வசதி. வீட்டில் வைத்துப் பேசினால் தமிழில் அழகாக வருகிறது. விளைக்குள் போய்விட்டால் ரேஞ்ச் கிடையாது, மைக்கை அமுக்கினால் நெட் இல்லை என்று சொல்லி அணைந்துவிடுகிறது. ஆஃப்லைன் குரல் என்று செட்டிங்ஸில் தேடிப் பிடித்துப் பார்த்தேன், அப்பா போனில் வந்த பட்டியலில் ஆங்கிலம், இந்தி எல்லாம் இருக்கிறது, தமிழைக் காணவில்லை. ஆண்ட்ராய்டு போன், 4 ஜிபி ராம். காசு கொடுத்து வாங்கும் ஆப் வேண்டாம்.

ஆரல் காற்று:
தமிழ் கீபோர்டு இறக்கினால் போதுமே? எனக்கு வேலை செய்கிறது.

விளைக்காரர் மகள்:
அண்ணா, கீபோர்டு இருக்கிறது. விரலால் அடித்தால் நெட் இல்லாமலும் தமிழ் வரும். பேசினால்தான் வரவில்லை.

தக்கலைக்காரன்:
ரெண்டும் வேறு வேறு. எழுத்தும் அகராதியும் கீபோர்டுக்குள்ளேயே இருக்கும், அதற்கு நெட் வேண்டாம். குரல் அப்படியில்லை. நாம் பேசுவது வெளியே ஏதோ ஒரு சர்வருக்குப் போய் எழுத்தாகித் திரும்பி வருகிறது. அந்த வேலையைப் போனே செய்ய வேண்டுமென்றால் அதற்கான மாடல், அதாவது பேச்சை எழுத்தாக்கப் பழக்கிய மென்பொருள், போனில் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் பட்டியலில் தமிழ் இல்லையென்றால் அந்த வழி இப்போதைக்கு அடைப்பு. அப்டேட்டில் எப்போதாவது வந்தால் வரட்டும், காத்திருக்க வேண்டாம்.

வேறு வழி இருக்கிறது. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் விஸ்பர் என்ற குரல் மாடலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. அதற்குத் தமிழும் தெரியும், போனுக்குள்ளேயே ஓடும். இலவச ஆப்கள் கிடைக்கும் எஃப்-ட்ராய்டு தளத்தில் விஸ்பர் என்று தேடுங்கள், அதை வைத்துச் செய்த இலவசக் குரல் உள்ளீட்டு ஆப் கிடைக்கும். முதல் தடவை மாடலை இறக்க மட்டும் நெட் வேண்டும், அதனால் வீட்டில் வைஃபையில் முடித்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு மட்டுமான மாடல் தனியாக இருக்கும், அதைத் தொடாதீர்கள், பல மொழி மாடலை எடுங்கள்.

அடுத்ததுதான் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம். போனோடு வரும் கீபோர்டு பலவற்றில் மைக் பொத்தான் தன் கம்பெனியின் சேவையைத்தான் கூப்பிடும், நீங்கள் வேறு எதை நிறுவினாலும் அது கண்டுகொள்ளாது. ஹெலிபோர்டு மாதிரி வேறு குரல் ஆப்பை அழைக்க விடுகிற கீபோர்டைப் போடுங்கள். ஹெலிபோர்டு இணைய அனுமதியே கேட்பதில்லை, அது எனக்குக் கூடுதல் நிம்மதி. பிறகு செட்டிங்ஸில் கீபோர்டுகள் பட்டியலுக்குப் போய்ப் புதிய குரல் ஆப்பை ஆன் செய்து, பழைய வாய்ஸ் டைப்பிங்கை ஆஃப் செய்யுங்கள். ஆஃப் செய்ய மறந்தால் மைக்கை அதுவே பிடித்துக்கொள்ளும், நீங்கள் புது ஆப்தான் சரியில்லை என்று என்னைத் திட்டுவீர்கள்.

விளைக்காரர் மகள்:
நேற்று ராத்திரி உட்கார்ந்து எல்லாம் செய்தேன். மைக் வந்துவிட்டது, நெட்டை அணைத்துவிட்டுப் பேசினாலும் எழுதுகிறது! ஆனால் அப்பா பேசினால் மலையாள எழுத்து வருகிறது. நான் பேசினால் தமிழ் வருகிறது. அவர் "இன்னைக்கு மேல வரிசை வெட்டியாச்சு" என்கிறார், அதற்கும் மலையாளம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் சிரிக்கிறார்கள்.

கரைமடி:
1956 நவம்பர் 1ஆம் தேதி நம் குமரி, மலையாளம் பேசும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த சேதி உங்கள் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல.

தக்கலைக்காரன்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மொழி "தானாகக் கண்டுபிடி" என்று இருக்கும், பாருங்கள். அப்படி விட்டால் அது முதலில் இது என்ன மொழி என்று ஊகித்துவிட்டு அந்த மொழியிலேயே எழுதும். ரெண்டு மூன்று சொல் மட்டும் பேசினால் ஊகத்துக்கு ஆதாரம் போதாது, நம் மேற்குப் பக்கப் பேச்சின் இழுவையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மொழியைத் தமிழ் என்று கட்டாயமாக வையுங்கள். அதே இடத்தில் "மொழிபெயர்" என்று ஒன்று இருந்தால் அதைத் தொட வேண்டாம், தொட்டால் அப்பா பேசுவது ஆங்கிலத்தில் வரும்.

எந்த அளவு மாடல் போட்டீர்கள்?

விளைக்காரர் மகள்:
தானியங்கியில்தான் இருந்தது, தமிழாக்கிவிட்டேன், மலையாளம் போய்விட்டது. மாடல் இருப்பதிலேயே சின்னது. டைனி என்று இருந்தது.

தக்கலைக்காரன்:
தமிழுக்கு டைனி பத்தாது. மாடல் எவ்வளவு பெரியது என்பதை அதிலுள்ள அளவுருக்களை (பழகிப் பெற்ற எண்களை) வைத்துச் சொல்வார்கள், அதில் 3.9 கோடிதான். அடுத்தது பேஸ், 7.4 கோடி. அதற்கு மேல் ஸ்மால், 24.4 கோடி. விஸ்பரை மொத்தம் 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கினார்கள், அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1,17,000 மணி நேரம்தான், மீதியில் பெரும்பகுதி ஆங்கிலம். அதனால் ஆங்கிலத்துக்குச் சின்ன மாடல் சமாளிக்கும், நமக்குக் கொஞ்சம் பெரியது வேண்டும். உங்கள் 4 ஜிபி போனில் ஸ்மால் ஓடும், ஆனால் பேசி முடித்தபின் காத்திருக்க வேண்டியிருக்கும், போனும் சூடாகும். காத்திருப்பு தமிழுக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஏனென்றால் தமிழ் எழுத்தை அது சின்னச் சின்னத் துண்டாக உடைத்து உடைத்து எழுதுகிறது, ஒரே நீளப் பேச்சுக்கு ஆங்கிலத்தைவிடத் துண்டு அதிகம்.

கரைமடி:
நான் தூத்தூர் பக்கம். எங்கள் மீன்பிடிப் படகு ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ரேஞ்ச் என்ற பேச்சே கிடையாது, அங்கே இப்படித்தான் நான் கணக்கு எழுதுகிறேன். அனுபவத்தில் ரெண்டு விஷயம் சொல்கிறேன். எஞ்சின் சத்தத்துக்குப் போனின் மைக் உதவாது, வயர் உள்ள ஹெட்செட்டின் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். உங்களுக்கு எஞ்சின் இல்லை, ஆனால் காற்று உண்டு. அப்புறம், பேசாமல் மைக்கைத் திறந்து வைக்காதீர்கள். சும்மா இருக்கும்போது அது தானாக எதையாவது எழுதும். ஒரு தடவை நான் மீன் எடை சொல்ல மறந்து நின்றேன், "நன்றி நன்றி நன்றி" என்று வரி முழுக்க வந்தது. யாருக்கு நன்றி என்று தெரியவில்லை.

தக்கலைக்காரன்:
அவர் சொல்வது சரி. விஸ்பர் ஒலியை 30 விநாடித் துண்டாகத்தான் பார்க்கும், அதில் பேச்சு இல்லையென்றாலும் ஏதோ இருக்கும் என்று எண்ணிக் கற்பனையை ஓட்டும். அப்பாவிடம் மைக்கை அமுக்கி, ஒரே மூச்சில் ஒரு வரி சொல்லி, உடனே நிறுத்தச் சொல்லுங்கள். விளைக்குப் போகும் முன் வீட்டில் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு தடவை சோதித்துவிடுங்கள், அங்கே போய்த் தடுமாற வேண்டாம்.

ஆரல் காற்று:
நான் சும்மா குரலைப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கேட்டு எழுதுவேன். இத்தனை பாடு எதற்கு?

விளைக்காரர் மகள்:
அண்ணா, கேட்டு எழுதப்போவது நான். அதனால்தான் இத்தனை பாடு.

ஸ்மால் இறக்கியாகிவிட்டது. நான்கு நாளாக விளையில் வைத்துப் பார்க்கிறார், ஒன்றுவிட்ட நாள் வெட்டு என்பதால் ரெண்டு நாள்தான் உண்மையான சோதனை. ஒரு வரி பேசினால் எழுத்து வர அவர் அடுத்த மரத்துக்குப் போய்ப் பால் வடியும் சிரட்டையைச் சரிசெய்து வரும் நேரம் ஆகிறதாம், அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்கள் பெரும்பாலும் சரியாக வருகின்றன. "ஒட்டுப்பால்" மட்டும் ஒவ்வொரு தடவையும் "ஓட்டுப் பால்", "சிரட்டை" ஒரு தடவை "சுரட்டை". இதைத் திருத்தக் கற்றுக்கொடுக்க முடியுமா?

தக்கலைக்காரன்:
மாடலுக்குக் கற்றுக்கொடுக்க நம்மால் ஆகாது. ஆனால் இந்தச் சொற்கள் வரும் என்று முன்கூட்டியே ஒரு குறிப்பைக் கொடுக்க விஸ்பரில் வசதி உண்டு, உங்கள் ஆப் அதை வெளியே காட்டினால் அதில் "ஒட்டுப்பால், சிரட்டை, ஷீட்" என்று எழுதி வையுங்கள். காட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விளைக்காரர் மகள்:
தேடினேன், அப்படி எதுவும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன், "ஓட்டுப் பால் என்றே இருக்கட்டும் மோளே, படிக்கப்போவது நான்தானே" என்கிறார். ஹெட்செட் வாங்கத்தான் ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் போகிறோம்.