லெப்பர்ட் கெக்கோ (வீட்டுல வளர்க்கிற பல்லி வகை) நல்லா சாப்பிடுது, ஆனா வால் மெலிஞ்சுக்கிட்டே போகுது: என்ன செய்யலாம்?

இரவுலாவி:
வளர்ந்த ஆண், வயசு 3. இரண்டே மாசத்துல 58 கிராமிலிருந்து 41-க்கு இறங்கிடுச்சு. வால் பென்சில் கனம்தான் இருக்கு, இடுப்பெலும்பு துருத்தித் தெரியுது. ஒருநாள் விட்டு ஒருநாள் 6 மீல்வார்ம் (மாவுப்புழு), மிச்சம் வைக்காம முடிச்சிடும். கண்ணாடியில ஒட்டின தெர்மாமீட்டர் 28 காட்டுது. தினமும் 10 வாக்ஸ்வார்ம் (மெழுகுப்புழு) போட்டா வால் தேறிடும்னு சொல்றாங்க. போடலாமா?

செதில்:
போடாதீங்க. முதல்ல சூட்டைப் பாருங்க. கண்ணாடியில ஒட்டுற மீட்டர் தரையோட சூட்டைச் சொல்லாது. டிஜிட்டல் மீட்டரோட புரோபை (ஒயர் நுனியில உள்ள உணரியை), சூடான பக்க மறைவிடத்துக்குள்ள, அது வயிறு வைக்கிற இடத்துலயே வைங்க. அங்க 31–33 டிகிரி வேணும், குளிர்ந்த பக்கம் 25 வாக்குல. வயித்துக்குச் சூடு கிடைக்கலன்னா இரை செரிக்காம உள்ளேயே கெட்டுப்போகும். ஹீட் மேட்டை (சூடேத்துற விரிப்பை), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாம ஓட்டாதீங்க, வயிறு வெந்துடும்.

அடுத்தது, கெக்கோவைத் தண்ணியில நிக்க வைங்க. 28–30 டிகிரி வெதுவெதுப்பில், தோளுக்குக் கீழே நிக்கிற அளவு, 10–15 நிமிஷம். பக்கத்துலயே இருங்க. எச்சம் எப்படி இருக்கு?

இரவுலாவி:
புரோப் வெச்சுப் பார்த்தேன், 26 தான்! எச்சம் கொழகொழன்னு, கடுமையான நாத்தம். மீல்வார்ம் தோல் அப்படியே முழுசா வருது.

வால்நட்சத்திரம்:
26 டிகிரியே செரிமானத்தைக் கெடுக்கும், அதனால சூட்டை இன்னைக்கே சரி பண்ணுங்க. ஆனா நல்லா தின்னும் 30 சதவீதம் எடை இறங்குதுன்னா ஒட்டுண்ணியையும் சந்தேகப்படணும். மணலை எடுத்துட்டு டிஷ்யூ விரிச்சா புது எச்சம் சுத்தமா கிடைக்கும். ஈரம் காயாம ஜிப் பையில போட்டு, ஃப்ரீசர்ல வைக்காம ஃப்ரிட்ஜில வெச்சு, சீக்கிரமே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர்கிட்ட கொடுங்க. நுண்ணோக்கிப் பரிசோதனையோட, கிரிப்டோஸ்போரிடியம்ங்கிற (சுருக்கமா கிரிப்டோ) குடல் ஒட்டுண்ணிக்குப் பிசிஆர் மரபணுப் பரிசோதனையும் கேளுங்க. கிரிப்டோ எல்லா எச்சத்துலயும் வெளியேறாது, ஒரு தடவை ‘இல்லை’ன்னு வந்ததை நம்பி விட்டுடாதீங்க. வேற கெக்கோ இருந்தா தனி இடுக்கி, தனிக் கிண்ணம். இது தின்னாம விட்ட பூச்சியை அதுக்குப் போடவே கூடாது. பிளீச்சுக்கு கிரிப்டோ சாகாது, கொதிநீராவிதான் வேலை செய்யும்.

குடற்புழு மருந்தை நீங்களா கொடுக்காதீங்க. மெலிஞ்ச உடம்புக்கு அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆபத்து.

செதில்:
இப்ப தீனி. சூடு சரியாகி ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சுத் தொடங்குங்க. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 2–3 சின்ன இரை. கண் ரெண்டுக்கும் நடுவுல உள்ள அகலத்தை இரை தாண்டக்கூடாது. கருப்புப் படைவீரன் ஈப் புழு, பட்டுப்புழு, இப்பதான் தானா தோல் உரிச்ச வெள்ளை மீல்வார்ம் எல்லாம் எளிதில் செரிக்கும். வாந்தி இல்லன்னா மெல்லக் கூட்டுங்க. நலிஞ்ச உடம்புல திடீர்னு தீனியைக் கொட்டினா ரத்தத்துல பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிஞ்சு இதயமே தடுமாறும். வாக்ஸ்வார்ம் வெறும் கொழுப்பு, ருசி கண்டா வேற எதையும் தொடாது. வாரம் ஒண்ணு போதும்.

இரைப் பூச்சிகளுக்கு, கெக்கோவுக்குப் போடுறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே கேரட், கீரை கொடுத்துக் கொழுக்க விடுங்க, கால்சியம் தூள் புரட்டிப் போடுங்க. கிரிக்கெட் பூச்சியை ராத்திரி உள்ளே விட்டுவைக்காதீங்க, மெலிஞ்ச கெக்கோவைக் கடிச்சுத் தின்னும்.

இரவுலாவி:
வாயைத் திறந்து கூழ் ஊட்டலாமா?

வால்நட்சத்திரம்:
தானா தின்னுற ஒண்ணுக்கு எதுக்கு? தாடை பலவீனமா இருந்தா முறியும், கூழ் மூச்சுக்குழாய்க்குள்ள போனா நிமோனியா. தின்னுறதை நிறுத்திட்டா மருத்துவர் சொல்ற கூழை மூக்கு நுனியில ஒரு சொட்டுத் தடவுங்க, நக்கிக்கும்.

0.1 கிராம் காட்டும் தராசுல, வாரம் ஒரு தடவை, தீனிக்கு முன்னாடி எடை போடுங்க. எச்சம் போட்டாலே ஒரு கிராம் வித்தியாசம் வரும், பதறாதீங்க. சூடு சரியா இருந்தும் மூணு வாரத்துல ஏறலன்னா எச்சத்தை மறுபடி கொடுங்க. தின்னதைக் கக்கினாலோ, கண் குழிவிழுந்தாலோ, வயித்தைத் தூக்கி நடக்க முடியலன்னாலோ அன்னைக்கே கொண்டுபோங்க.