உலைக்கலனை வெட்டுவதா, முழுசாகத் தூக்குவதா? (டிரோஜன் அனுபவம்)

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தின் டிரோஜன் அணுமின் நிலையம், 1,130 மெகாவாட். நீராவி ஜெனரேட்டர் குழாய்களில் கசிவு தீராமல் 1993 தொடக்கத்தில் நிரந்தரமாக மூடினார்கள். பிரிக்கும்போது தலைவலி கட்டிடம் இல்லை, உலைக்கலனின் (அணுப்பிளவு நடக்கும் தடித்த எஃகுப் பாத்திரம்) உட்பாகங்கள்தான். துருப்பிடிக்காத எஃகில் துளியூண்டு கோபால்ட் இருக்கும். வருஷக்கணக்கில் நியூட்ரான் பட்டு அது கோபால்ட்-60 ஆகிவிடும். அரை ஆயுள் 5.27 ஆண்டு. அது கடுமையாகக் கதிர் வீசும், தண்ணீர் அதைத் தடுக்கும்; அதனால் வெட்டினால் தண்ணீருக்கு அடியில்தான் வெட்டணும்.

—

தண்ணீருக்கு அடியில் வெட்ட ஒரு வழி: உயர் அழுத்த நீரோடு கார்னெட் மணல் கலந்து பீய்ச்சுவாங்க (நம்ம தென்கடற்கரையில் அள்ளுற அதே ஜாதி மணல்). வெட்டு சுத்தமா விழும். ஆனா மணலும் எஃகுத் தூளும் சேர்ந்து குளம் கலங்கி, கேமராவில் ஒண்ணும் தெரியாது. வடிகட்டி போட்டா அந்த வடிகட்டியே கதிர்வீசும் கழிவு. இன்னொரு வழி பிளாஸ்மா (மின்சாரத்தால் கொதிக்கவைத்த வாயுப் பீச்சில் எஃகை உருக்கி வெட்டுவது). அதில் மணல் தொல்லை இல்லை; பதிலுக்குக் குமிழியோடு நுண்துகள் மேலே வரும், நீர்மட்டத்திலேயே உறிஞ்சி இழுக்கணும்.

—

டிரோஜனில் வெட்டவே இல்லை. உட்பாகங்களோடு சேர்த்துக் கலனுக்குள் லேசான நுரைக் கான்கிரீட் ஊற்றினார்கள், உதிரித் தூள் அசையாமல் இருக்க. குழாய் வாய்களை எஃகால் அடைத்து வெல்டு. வெளியே எஃகுக் கவசம். மொத்தம் சுமார் 1,000 டன். 1999 ஆகஸ்டில் நீல பிளாஸ்டிக் சுற்றி, பார்ஜில் (தட்டைப் படகு) கொலம்பியா ஆற்றை எதிர்த்து சுமார் 270 மைல் போய், வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் புதைத்தார்கள். எல்லா இடத்துக்கும் இது சரிப்படாது: நிலையத்தை ஒட்டி ஆறு வேணும், அந்தக் கதிரளவை ஏற்கிற புதைகுழியும் வேணும்.

—

இனி, உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள். கலன் போயிடுச்சு, எரிபொருள் அங்கேயே 34 உலர் பெட்டிகளில் நிற்குது. பெட்டியில் அடைக்கிற வேலையும் லேசுப்பட்டது இல்லை. 1996 மே மாதம் விஸ்கான்சினில் ஒரு நிலையத்தில் மூடியை வெல்டு பண்ணும்போது உள்ளே வாயு பற்றி, டன் கணக்கான மூடியே எம்பிச் சாய்ஞ்சுது. காரணம், பெட்டியின் உள்பூச்சில் இருந்த துத்தநாகம். எரிபொருளைப் பெட்டியில் ஏற்றுற குளத்துத் தண்ணீரில் போரிக் அமிலம் உண்டு. ரெண்டும் சேர்ந்தா ஹைட்ரஜன். அதனால் மூடிக்கு அடியில் ஹைட்ரஜன் அளவியை விட்டுப் பார்த்துட்டுத்தான் ஆர்க் (வெல்டிங் தீப்பொறி) பிடிக்கணும். அளவியின் முள் ஏறினா வெல்டிங்கை நிறுத்தி, மந்த வாயுவை ஊதி வெளியேத்திட்டு மறுபடி அளக்கணும்.