ஒரு மில்லியன் கிலோமீட்டர் கணக்கு சரியென்றால் ரயில் ஏன் நிற்கிறது?

ஜூரோங்வாசி:
சிங்கப்பூரின் எம்ஆர்டி மெட்ரோ ரயில் சராசரியாக ஒரு மில்லியன் கிலோமீட்டருக்கு மேல் தடங்கலின்றி ஓடுகிறதாம். ஆனால் 2024 செப்டம்பரில் கிழக்கு மேற்குப் பாதை ஆறு நாள் முடங்கியது. 2025 ஆகஸ்ட்டில் வடகிழக்குப் பாதையில் மின்கோளாறு. எதை நம்புவது?

தண்டவாளம்:
இரண்டையும் நம்பலாம். ஓடிய மொத்தக் கிலோமீட்டரை, ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமான சம்பவங்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு. பேச்சுக்கு, ஆண்டுக்கு 20 மில்லியன் கிலோமீட்டர், 10 சம்பவம் என்றால் விடை 2 மில்லியன். அந்தப் பத்தில் ஒன்று ஆறு நிமிடமா ஆறு நாளா என்பது இதில் தெரியவே தெரியாது. 2015இல் சுமார் 133,000 கிலோமீட்டராக இருந்தது 2019இல் ஒரு மில்லியனைத் தாண்டியது நிஜமான முன்னேற்றம்தான். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டார்கள், ரயிலுக்கு மின்சாரம் தரும் மின்தண்டவாளத்தை மாற்றினார்கள், சிக்னலையும் புதுப்பித்தார்கள். ஆனால் பயணிக்குத் தேவையான எண் வேறு: எத்தனை பேர், எத்தனை மணி நேரம் சிக்கினார்கள் என்பது.

போகி88:
செப்டம்பர் சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். முதல் தலைமுறை ரயில். சக்கர அச்சின் முனையைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸுக்குள் கிரீஸ் கெட்டால் பேரிங் உராய்ந்து சூடேறும். சூட்டில் பாக்ஸே கழன்று விழும். அங்கே அதுதான் நடந்தது. டோவர் நிலையம் அருகே பாக்ஸ் விழுந்து, போகி (பெட்டிக்குக் கீழே சக்கரங்கள் பொருத்திய சட்டம்) தடம் இறங்கி, உலு பாண்டான் பணிமனைக்குத் திரும்பும் வழி நெடுக இடித்துக்கொண்டே போனது. 2.55 கிலோமீட்டர் சேதம், தண்டவாளத்தில் 46 முறிவுகள், கூடவே தடம் மாற்றும் பாயின்ட் மெஷின்கள், மின்கம்பிகள். 500,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யவேண்டிய ஓவர்ஹாலின் (முழுப் பராமரிப்பின்) கெடுவை நீட்டியிருந்தார்கள். கிரீஸ் கெடு பார்க்காது.

ஜூரோங்வாசி:
ராத்திரி ராத்திரி பார்த்திருக்க முடியாதா?

தண்டவாளம்:
கடைசி ரயில் போய் முதல் ரயில் வருவதற்குள் மூன்றரை மணி நேரம்தான். அதிலும் 750 வோல்ட் மின்சாரத்தை அணைத்து, எர்த் செய்து, கருவிகளை இறக்கி, முடிந்ததும் எல்லாவற்றையும் எண்ணி வெளியே எடுக்கவேண்டும். கையில் நிற்பது இரண்டு, இரண்டரை மணி நேரம். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப்பை மாற்றலாம். பாயின்ட்டைப் பெயர்த்துப் போட முடியாது. அதனால்தான் 2025 கடைசியில் தானா மேரா பக்கம் 10 நாள் சேர்ந்தாற்போல் மூடினார்கள். திட்டமிட்டு மூடுவதை நான் ஆதரிக்கிறேன். முன்கூட்டியே சொன்னால் இணைப்புப் பேருந்துக்காவது போதுமான ஆட்களை ஏற்பாடு செய்யலாம்.

போகி88:
பேருந்து என்றதும் ஒன்று: ஓர் எம்ஆர்டி ரயிலில் ஆயிரத்துக்கு மேல் ஏறுவார்கள், ஈரடுக்குப் பேருந்தில் 130 பேர்தான். திடீர்த் தடங்கல் என்றால் வரிசையில் நிற்காமல் வழக்கமான பேருந்தில் வேறொரு பாதைக்கு மாறுங்கள். கிளமென்டியிலிருந்து பேருந்து பிடித்து கென்ட் ரிட்ஜ் போனால் வட்டப் பாதை கிடைக்கும்.