கயாக்கில் அமர்ந்து பாஸ் மீன் பிடிக்க முதல் கோலும் ரீலும்: எதை வாங்குவது?

ஆஸ்டின்வாசி:

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வசிக்கிறேன். லேடி பேர்ட் ஏரியில் லார்ஜ்மவுத் பாஸ் என்னும் அகன்ற வாய் கொண்ட நன்னீர் மீனைப் பிடிப்பதற்காக, மேலே அமர்ந்து துடுப்புப் போடும் வகையைச் சேர்ந்த பத்தரை அடிக் கயாக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பெட்ரோல் மோட்டார் படகுகளுக்கு அங்கே அனுமதி இல்லாததால், புதிதாகக் கற்றுக்கொள்பவனுக்கு ஏற்ற நீர்நிலையாக அது இருக்கிறது. ஆனால் சொந்தமாகத் தூண்டில் கோல் இன்னும் வாங்கவில்லை. நண்பர் ஒருவர், தாம் கரையில் நின்று பயன்படுத்தும் 7 அடி 6 அங்குல ஹெவி (எளிதில் வளையாத, விறைப்பான) கோலையும் பெய்ட்காஸ்டர் ரீலையும் (வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூல் எனும் உருளையே சுழலும் வகை) இரவலாகத் தந்திருக்கிறார்.

கரையில் நின்று வீசும்போது அந்தக் கோலில் ஒரு குறையும் தெரியவில்லை. கயாக்கில் உட்கார்ந்து வீசினால் அடிப்பிடி லைஃப் ஜாக்கெட்டின் பையில் மாட்டிக்கொள்கிறது. எதிர்காற்று சற்று அடித்தாலும் நரம்பு ரீலுக்குள் பின்னிச் சிக்கலாகிவிடுகிறது. கால் அவுன்ஸுக்கும் குறைவான இரைகளைத்தான் பெரும்பாலும் போடுகிறேன். மீன் கொத்தியதும் சுண்டினால் முள் ஆழமாக ஏறுவதில்லை. பாதி வழியில் கழன்றுவிடுகிறது. அருகில் வரும் மீன் கயாக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

கோல், ரீல், நரம்பு எல்லாம் சேர்த்து 250 டாலர் வரை செலவிட முடியும். ஒரே ஒரு செட் வாங்குவதா, இரண்டாகப் பிரித்து வாங்குவதா? ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டரா? கோலின் நீளத்தை எதைப் பார்த்து முடிவு செய்வது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கான்ரோ ஏரிக்காரர்:

தம்பி, நீங்கள் சொன்ன தொல்லைகள் தனித்தனியாகத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கடைகளில் பாஸ் மீனுக்கென்று பரிந்துரைக்கப்படும் கோல்களில் பல, பெரிய படகின் தளத்தில் நின்று இரண்டு கைகளாலும் வீசுபவரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நீங்கள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மார்பை மறைக்கும் ஜாக்கெட்டுடன், தானாக நகரும் ஒரு மிதவையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே முதலில் உங்கள் இருக்கையை அளவாக வைத்துக் கோலைத் தேர்ந்தெடுங்கள். மீனின் அளவும் இரையின் எடையும் அடுத்தபடியாக வரட்டும்.

பலர் நுனி வரை உள்ள நீளத்தை மட்டும் கேட்பார்கள். கயாக்கில் அதைவிட முக்கியமானது, ரீல் பொருந்தும் இடத்திலிருந்து அடிமுனை வரை உள்ள கைப்பிடியின் நீளம். 7 அடி 6 அங்குலக் கோல்களில் அது ஓர் அடியையும் தாண்டுவது சாதாரணம். உட்கார்ந்த நிலையில் அவ்வளவு நீளமான பிடி ஜாக்கெட்டிலோ இருக்கையின் ஓரத்திலோ இடிக்காமல் இருக்காது. 9 அல்லது 10 அங்குலம் இருந்தால் அது முழங்கைக்குள் அடங்கிவிடும். கடைக்குப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அதை அணிந்துகொண்டு ஒரு நாற்காலியில் அமர்ந்து, ரீல் மாட்டிய கோலைப் பக்கவாட்டில் வீசுவது போல அசைத்துப் பாருங்கள். இடிக்கும் கோல் எவ்வளவு நல்ல பெயர் பெற்றதாக இருந்தாலும் வேண்டாம்.

மொத்த நீளம் உங்கள் கயாக்குக்கு 6 அடி 10 அங்குலத்திலிருந்து 7 அடி வரை போதும். மீன் அடியில் புகுந்து மறுபக்கம் ஓடும்போது, கோலின் நுனியைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, கையை முன்னால் நீட்டி, கயாக்கின் முன்முனையைச் சுற்றி நரம்பைக் கொண்டுவர வேண்டும். நுனி முன்முனையைத் தாண்டி எட்டினால்தான் இது நடக்கும். ஆறு அடிக் கோலுடன் இதைச் செய்ய முற்படுகிறவர், முன்பக்கமாகச் சாய்ந்து கயாக்கின் சமநிலையைக் கெடுத்துக்கொள்வார்.

முதலில் வாங்க வேண்டியது ஸ்பின்னிங் செட் என்பது என் உறுதியான கருத்து. கோல் மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்ஷன் (பெரும்பாலும் நுனிப்பகுதியில் வளைவது). ரீல் 2500 அல்லது 3000 அளவு. சில நிறுவனங்கள் ஏறக்குறைய அதே அளவை 30 என்று குறிப்பிடும். கைப்பிடிக்குச் சற்று மேலே கோலின் மீது அச்சிட்டிருக்கும் இரை எடையைப் படியுங்கள். இரவல் வாங்கிய ஹெவி கோல், அரை அவுன்ஸும் அதற்கு மேலும் உள்ள இரைகளுக்கானது. கால் அவுன்ஸுக்குக் குறைவான இரையை அதில் மாட்டினால் கோல் வளையாது. வளையாத கோலைக் கைவலிமையால் ஈடுகட்டி வீசுவோம். அப்போது ரீலின் ஸ்பூல், இரை பறக்கும் வேகத்தை மிஞ்சிச் சுழலும். எதிர்காற்று இரையை மேலும் தடுக்கும். உங்கள் நரம்புச் சிக்கலுக்கு இதுதான் காரணம். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் சுழலாமல் நரம்பு தானாக உருவிக்கொண்டு போவதால் இந்தத் தொல்லையே எழாது.

லேடி பேர்ட் ஏரியின் கரையோரம் சைப்ரஸ் மரங்களின் கிளைகள் தாழ்ந்து கிடக்கும் இடங்கள் உண்டு. அந்த நிழலுக்குள், தவளைக்கல் விடுவது போல இரையை நீர்ப்பரப்பில் தத்தவிட்டு உள்ளே செலுத்த ஸ்பின்னிங் செட்டே ஏற்றது. 5 அங்குல மென்புழுவின் நடுவில் முள்ளைக் கோத்துப் போடும் வாக்கி ரிக்கை அதில் தொடங்குங்கள். ஈயக்குண்டே இல்லாமல் இரண்டு முனைகளும் துடிக்க அது மெல்ல இறங்கும்போதுதான் பாஸ் பெரும்பாலும் கவ்வும். கொத்து தெரியாது, நரம்பு ஒரு பக்கமாக நகர்வது மட்டுமே தெரியும்.

ஸ்பின்னிங் கை பழகிய பின் இரண்டாவது செட்டாக 7 அடி மீடியம் ஹெவி கோலும், 7:1 அளவிலான கியர் விகிதம் கொண்ட (கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல் ஏழு முறை சுழலும்) பெய்ட்காஸ்டரும் வாங்கலாம். சுழலும் தகடு கொண்ட 3/8 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட், அதிரும் தகடு கொண்ட சாட்டர்பெய்ட், முள்ளின் நுனியை மென்புழுவுக்குள் மறைத்துப் பாசிக்குள் போடும் டெக்சாஸ் ரிக் ஆகியவை அதன் வேலை. இன்று 250 டாலரை இரண்டாகப் பிரிப்பதைவிட, நூற்றைம்பதுக்குள் ஒரு நல்ல ஸ்பின்னிங் செட் வாங்கி, மிச்சத்தை நரம்பு, முள், கோலைக் கட்டும் கயிறு ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

டல்லாஸ் துடுப்பு:

ஐயா சொன்னவற்றில் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள ஃபோர்க் ஏரியில்தான் நான் அதிகம் துடுப்புப் போடுகிறேன். அங்கே நீரில் மூழ்கிய மரங்கள் ஏராளம். மீடியம் கோலில் மாட்டிய பெரிய மீன் மரத்தைச் சுற்றினால் திருப்பிக் கொண்டுவருவது கடினம். அப்படிப்பட்ட ஏரிக்குப் போவதாக இருந்தால் முதல் கோலே மீடியம் ஹெவி ஸ்பின்னிங்காக இருக்கட்டும். லேடி பேர்ட் ஏரிக்கு மட்டும் என்றால் ஐயா சொன்ன மீடியமே சரி.

தம்பி, முள் ஏறாமல் கழன்றுபோவதைப் பற்றி. கயாக்கில் நீங்கள் ஓங்கிச் சுண்டும்போது, அந்த விசையில் ஒரு பகுதி மீனிடம் போய்ச் சேராமல் கயாக்கையே மீனை நோக்கி நகர்த்திவிடுகிறது, நரம்பும் தளர்ந்துவிடுகிறது. பாதங்களைக் கால்தாங்கியில் அழுத்தி ஊன்றிக்கொள்ளுங்கள். கொத்து உணர்ந்ததும் தளர்ந்த நரம்பை முதலில் வேகமாகச் சுற்றி எடுத்து, கோல் கனக்கத் தொடங்கிய பின் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். தலைக்கு மேலே தூக்கிச் சுண்ட வேண்டாம். மெல்லிய கம்பியில் செய்த கூரான முள் ஏறுவதற்குக் குறைந்த விசையே போதும். ஆகவே தடித்த முட்களை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கயாக்கில் கோல் உடைவது பெரும்பாலும் மீனைக் கையில் எடுக்கும் கடைசி நொடியில்தான். மீனை அருகில் கொண்டுவருவதற்காக நரம்பை மிகக் குறுகச் சுற்றிவிட்டு, கோலைச் செங்குத்தாகத் தூக்கிப் பின்னால் சாய்ப்பார்கள். அப்போது வளைவு முழுவதும் நுனியில் குவிந்து, கோல் அங்கே ஒடிந்துவிடும். கோலின் நீளத்துக்கு ஏறக்குறைய ஈடாக நரம்பை வெளியே விட்டுவிடுங்கள். கோல் பிடித்த கையைப் பக்கவாட்டில் பின்னுக்கு நீட்டி, நுனி தாழ்ந்தபடியே மீனை நெருங்கச் செய்து, மற்றக் கையால் கீழுதட்டைப் பிடியுங்கள். அதனால்தான் கோல் 7 அடியைத் தாண்டக் கூடாது என்கிறேன். முதல் கோலுக்கு, கண்ணாடி இழை கலந்த அக்லி ஸ்டிக் போன்றவை நல்ல தேர்வு. சற்றுக் கனமானவைதான், கொத்தை உணர்த்துவதிலும் முழு கிராஃபைட் கோலுக்கு அடுத்த நிலைதான்; ஆனால் கயாக்கில் இடியும் அடியும் வாங்கும் நுனிக்கு அந்த உறுதி தேவை.

தண்ணீரில் விழுந்த கோல் மூழ்கிவிடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பின்பக்கத் தாங்கியில் சும்மா நிற்கும் கோலுக்குக் கட்டுக்கயிறு அவசியம். கையில் இருக்கும் கோலைக் கட்டாமல், கைப்பிடியில் மிதவை மாட்டுவதையே நான் விரும்புகிறேன். கவிழ்ந்தால் காலைச் சுற்றும் கயிறுகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் போகும்போது தாங்கியில் நிற்கும் கோலை எடுத்து முன்முனைக்குள் அடங்குமாறு படுக்க வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டை எப்போதும் அணிந்திருங்கள். மீன்பிடி உரிமமும் கையில் இருக்கட்டும். மீனை வைத்துக்கொள்வதாக இருந்தால், டெக்சாஸில் லார்ஜ்மவுத்துக்குப் பொதுவான குறைந்தபட்ச நீளம் 14 அங்குலம் என்றாலும் சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளவற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

ஆஸ்டின்வாசி:

ஐயா, அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜாக்கெட்டுடன் கடைக்குப் போய் அமர்ந்து பார்த்ததில் எனக்குப் பிடித்திருந்த இரண்டு கோல்கள் உடனே கழிந்துவிட்டன. 6 அடி 10 அங்குல மீடியம் ஸ்பின்னிங் கோலும் 2500 அளவு ரீலும் வாங்கி, கடையிலேயே 10 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் இழை) நரம்பை ஏற்றித் தரச் சொன்னேன். வீசுவதில் இப்போது ஒரு சிரமமும் இல்லை. ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. இரை பாசியில் சிக்கியபோது கைப்பிடியைச் சுற்றினேன். கைப்பிடி சுற்றுகிறதே தவிர நரம்பு உள்ளே வரவில்லை. மீன் பலமாக இழுத்தால் நரம்பை நழுவவிடும் டிராக்கை முழுவதும் இறுக்கிய பிறகும் அதே நிலைதான். ரீல் பழுதா? மாற்றித் தரக் கேட்கலாமா?

கான்ரோ ஏரிக்காரர்:

அவசரப்படாமல் ஒரு சோதனை செய்யுங்கள். டிராக்கை முழுவதும் இறுக்கி, ஸ்பூலின் விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நரம்பை இழுங்கள். வெறுங்கையால் இழுத்தால் பிரெய்டு தோலை அறுத்துவிடும். புள்ளி நகர்ந்து ஸ்பூலும் சுழன்றால் டிராக்கில் கோளாறு. கடைக்கு எடுத்துச் செல்லலாம். புள்ளி அசையாமல், சுற்றிய நரம்பு மட்டும் ஒரே கட்டாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழன்றால் ரீலில் குறை இல்லை. பிரெய்டுக்கு அடியில் பிடிமானம் இல்லை என்று பொருள். நைலான் நரம்பு சற்று நீளும் இயல்புடையதால் ஸ்பூலை இறுகப் பற்றிக்கொள்ளும். பிரெய்டு நீளாது, வழுவழுப்பானதும்கூட. வெறும் உலோகத்தின் மீது நேரடியாகக் கட்டினால் முடிச்சோடு சேர்ந்து வழுக்கும்.

ஆஸ்டின்வாசி:

புள்ளி அசையவில்லை, ஐயா. நரம்புக் கட்டு முழுவதும் வழுக்கித்தான் சுழல்கிறது.

டல்லாஸ் துடுப்பு:

அப்படியானால் செலவில்லாமல் சரிசெய்துவிடலாம், தம்பி. பிரெய்டு முழுவதையும் வேறொரு வெற்று ஸ்பூலுக்கு மாற்றுங்கள். ரீலின் ஸ்பூலில் முதலில் 8 அல்லது 10 பவுண்டு நைலான் நரம்பைப் பதினைந்து சுற்று அளவுக்கு இறுக்கமாகச் சுற்றி, அதன் முனையில் இரட்டை யூனி முடிச்சால் பிரெய்டைக் கட்டி, ஈரத்துணியால் நரம்பை அழுத்திப் பிடித்தபடியே சுற்றி ஏற்றுங்கள். தளர்வாக ஏற்றினால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, வீசும்போது கொத்தாக வெளியே வரும். ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். விளிம்பு வரை நிரப்பக் கூடாது.

பிரெய்டின் முனையில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் (நீரில் எளிதில் கண்ணில் படாத நரம்பு வகை) முன்நரம்பு கட்டுவதையும் மறக்க வேண்டாம். தெளிந்த நீரில் பிரெய்டு மீனின் கண்ணில் படும். பாறையிலும் வேரிலும் உரசினால் அறுந்தும்போகும். முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியிலேயே நிற்கும்படி நான்கு அடி நீளம் போதும்.

ஆஸ்டின்வாசி:

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிராக்கை எந்த அளவில் வைக்க வேண்டும்? இரண்டாவது செட் வாங்கும்போது பெய்ட்காஸ்டரின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

கான்ரோ ஏரிக்காரர்:

முழுத் தொடரிலும் வலுக்குறைந்த பகுதி 8 பவுண்டு முன்நரம்பு என்பதால், அதன் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2 பவுண்டு விசையில் டிராக் நழுவத் தொடங்கட்டும். மீனை எடை பார்க்கும் சிறு தராசில் நரம்பைக் கட்டி இழுத்துப் பார்த்து அமையுங்கள். பெரிய மீன் ஓடும்போது கயாக்கே அதன் பின்னால் நகர்ந்து கூடுதல் டிராக்காக வேலை செய்யும். அதைத் தடுக்கத் துடுப்புப் போட வேண்டாம், மரக்கிளைக்கோ பாலத்தின் தூணுக்கோ இழுத்துச் சென்றால் மட்டும் போடுங்கள்.

ஸ்பின்னிங் ரீலை இடக்கையால் சுற்றுகிறீர்கள் என்றால் பெய்ட்காஸ்டரையும் இடக்கைப் பிடியாகவே வாங்குங்கள். வீசிய பின் கோலை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றும் அந்த ஒரு நொடியில்தான் இரை நீரில் விழுந்த மறுகணமே கவ்வும் மீனைத் தவறவிடுவோம். காற்றில் திரும்பும் கயாக்கில், துடுப்பு மடியில் கிடக்கும்போது, அந்தக் கைமாற்றம் இன்னும் தாமதமாகும். பழகும் காலத்தில் அந்த ரீலில் பிரெய்டு போடாமல் 12 பவுண்டு நைலானே போடுங்கள். சிக்கினாலும் அவிழ்ப்பது எளிது, வெட்டி எறிந்தாலும் நட்டம் குறைவு. கோலைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினால் இரை மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நின்றுவிட வேண்டும். அந்த நிலை வரும் வரை பக்கவாட்டில் உள்ள திருகை இறுக்கி, பிரேக்கை உயர்ந்த எண்ணில் வைத்து, காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி கயாக்கைத் திருப்பிக்கொண்டு வீசிப் பழகுங்கள்.