மறு: ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் – ‘காப்பு மின்மாற்றி’ சரிதானா?

> ‘காப்பு மின்மாற்றி’ என்றே வைத்துவிடலாம். ஆளைக் காக்கிறது, பெயரும் சின்னது.

அண்ணாச்சி, பெயர் சின்னதுதான். ஆனால் அதை நம்பி என் அக்கா மகன் போன ஆனியில் ஷாக் வாங்கினான்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையை அடைத்துத்தான் ரிப்பேர் மேசை போட்டிருக்கிறேன். மழை பிடித்துவிட்டால் சிமென்ட் தரை காயவே காயாது. அன்றைக்கு ஒரு டிவியின் எஸ்எம்பிஎஸ் போர்டு, அதாவது டிவிக்கு வேண்டிய கரண்டைத் தயாரித்துக் கொடுக்கும் பவர் போர்டு. 230 வோல்ட் உள்ளே, 230 வோல்ட் வெளியே வரும், இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பில்லாத ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் கரண்ட் கொடுத்திருந்தோம். மின்அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பின் முதலை கிளிப்பை ஹாட் கிரவுண்டில், அதாவது போர்டில் மெயின் கரண்ட் ஓடும் பகுதியின் மைனஸில், மாட்டியிருந்தேன். பையன் வெறுங்காலோடு வந்து பிரிட்ஜ் டயோடின் காலில் விரலை வைத்தான். உதறிக்கொண்டு பின்னால் போய் நின்றவன் கேட்ட முதல் கேள்வி: “காப்பு மின்மாற்றிதானே மாமா, எப்பிடி அடிச்சுது?”

ஈபி டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரலை மண்ணில் இறக்கிவிடுகிறார்கள். அதனால் லைனை மட்டும் தொட்டாலும் நம் உடம்பு, தரை, நியூட்ரல் என்று சுற்று முடிந்துவிடுகிறது. நம் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டில் இரண்டு முனைக்கும் மண்ணோடு உறவில்லை. ஒன்றை மட்டும் தொட்டால் கரண்டுக்குத் திரும்பிப் போக வழி கிடையாது. நான் மாட்டிய கிளிப்போ ஸ்கோப்பின் மூன்று பின் பிளக் வழியாக எர்த்துக்குப் போகிறது. குளச்சலில் வள்ளத்தைக் கயிறு போட்டுக் கரையில் கட்டுவது மாதிரி, போர்டை நானே மண்ணில் கட்டிவிட்டேன். கசிவு வந்தால் கரண்டை அறுக்கும் வீட்டு ஈஎல்சிபி சுவிட்சும் விழவில்லை. கசிவு முழுக்க டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுப் பக்கமே சுற்றி முடிந்துவிட்டதால், ஈஎல்சிபி இருக்கும் பக்கம் லைனிலும் நியூட்ரலிலும் கரண்ட் சமமாகவே ஓடியது.

இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் காப்பாற்றாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். ஆகவே ‘காப்பு’ வேண்டாம். இன்சுலேஷனுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் என்பது வேறு.

‘தனிமைப்படுத்தும் மின்மாற்றி’ 2020-க்குப் பிறகு காய்ச்சல் வார்டை நினைவுபடுத்துகிறது. ‘தொடர்பறு மின்மாற்றி’ நல்ல தமிழ். ஆனால் ஆம்ப்ளிஃபயரில் போடுகிற 12-0-12 வோல்ட் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரிலும் இரண்டு சுற்றுக்கும் தொடர்பில்லையே என்று யாராவது கேட்பார்கள். எதோடு தொடர்பு அறுகிறது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும்.

என் முன்மொழிவு: மண்விடு மின்மாற்றி. ‘மண்ணறு’ என்று இன்னும் சுருக்கலாம்தான். எங்கள் ஊரில் அது ‘மண்ணறை’ (பிணக்குழி) என்று காதில் விழும், கரண்ட் சமாசாரத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. மண்விடு என்றால் கிளிப்பை மாட்டப் போகும்போதே ‘மண்ணைத் தொடுகிறோமே’ என்று உறைக்கும். வோல்ட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கும் ஒற்றைச் சுற்று ஸ்டெபிலைசரும் இந்தப் பெயருக்குள் வராது. அவற்றில் நியூட்ரல் நேராக வெளியே வந்துவிடுகிறது. போர்டுக்கு முன்னால் வரிசையில் போடும் சீரீஸ் பல்பும் அப்படித்தான், கரண்டைக் குறைக்குமே தவிர மண்ணை விடாது.

டிரான்ஸ்ஃபார்மர் மூடியில் மார்க்கரால் எழுதியும் விட்டேன்: ‘மண்விடு. ஒரு நேரம் ஒரு போர்டு. ஒரு கை பாக்கெட்டில்.’ இனி வெளியீட்டு முனைகளுக்கு ஒரு பெயர் வேண்டும். மண்ணில் கட்டாமல் மிதக்கிறவை என்பதால் ‘மிதப்பு முனை’ என்றால் மதுரைப் பக்கம் எப்படிக் கேட்கும், அண்ணாச்சி?